ஃப்ரிட்ஜ் பாக்க வந்த மாப்பிள்ளை

...இல்லக்கா, தண்ணி வேணாம். உத்தமபாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன், தண்ணி குடிச்சா மறந்துரும். ஒங்க மகன் நவாஸ் எங்க வீட்டுல பண்ணிட்டு வந்த காரியம் தெரியுமா? தெரியாதுல்ல. அதுதான் வாயத் தொறக்காத புள்ளயாச்சே.

வியாழக்கெழம என் மக ஹுஸ்னாவப் பொண்ணு பாக்க கம்பத்துல இருந்து மாப்பிள்ளை வரணும். துபாயில ஏசி கம்பெனி வேல. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எந்திரிக்கிறேன், வாசல்ல ஒங்க மகன். “பாக்க வந்திருக்கேம்மா”ன்னாரு. ஃப்ரிட்ஜப் பாக்கன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா என்ன கொறஞ்சா போகும்? மெக்கானிக்க வரச் சொன்னது திருப்பூர்ல இருக்குற என் மூத்தவன். அவனும் எங்கிட்டச் சொல்லல.

என்ன வேலப்பான்னேன். ஏசி, ஃப்ரிட்ஜுன்னாரு. பொருந்தித்தானக்கா போகுது. ஒக்கார வச்சேன். ஹுஸ்னாதான் சமோசாவும் டீயும் கொண்டாந்து வச்சுட்டுத் திரைக்குப் பின்னால போனா. “எத்தன வருசமாச்சும்மா?”ன்னாரு. இருவத்தாறுன்னேன். அம்புட்டான்னு ஒரு மாதிரி பாத்துட்டு, சத்தம் கித்தம் போடுதான்னு கேட்டாரு. இருக்குற எடமே தெரியாதுப்பான்னேன். யோசிச்சாரு. “இனி செலவு பண்ணிப் பிரயோசனமில்லம்மா. வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருங்க”ன்னாரு. பெத்த வயிறுக்கா...

உள்ள அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. தொழுகை நேரத்துல போன்ல சத்தம் வரப்படாதுன்னு நான் சொல்லி வச்சிருக்கேன்ல, அதுக்குன்னே அந்தக் காலத்துப் பேச்சில்லாத படமாத் தேடிப் பாப்பா. ஒரு படத்துல, பார்சல் குடுக்க வந்தவன மாப்பிள்ளைன்னு நெனச்சு, கோட்ட மாட்டிக் கல்யாணத்துல நிறுத்திருவாக. அவனும் கையக் கால ஆட்டித்தான் பாப்பான், ஒருத்தருக்கும் வெளங்காது. கடேசில பொண்ணு அவனையே கட்டிக்கிருவா. “நம்ம வீட்டுலயே அந்தப் படம் ஓடுதும்மா”ங்குறா. கம்பத்து மாப்பிள்ளை போட்டோவ நான் பாக்கல, அவ முன்னமே பாத்தவ. ஆளு வேறன்னு தெரிஞ்சேதான் டீயத் தூக்கிட்டு வந்திருக்கா.

ஃப்ரிட்ஜப் பாக்க வந்தவருன்னு அவ சொல்லி விசயம் வெளங்கவும் ஒங்க மகன் மூஞ்சியப் பாக்கணுமே. அவளப் பாத்து, “ஒங்களச் சொல்லலங்க, நீங்க புதுசு மாதிரித்தான் இருக்கீங்க”ன்னு சொல்லிட்டு, ஃப்ரிட்ஜத் தொடாமலே போயிட்டாரு. இது ஒரு பேச்சாக்கா?

அவளப் பெத்த அத்தா மவுத்தாகி மண்ணுக்குள்ள போனதுக்குப் பெறகு அவ சிரிச்சு நான் கேக்கல. வந்த வரனெல்லாம் வேணாம்னு தட்டிவிட்டவ, இப்ப மெக்கானிக் எந்த ஊருன்னு கேக்குறா.

கம்பத்துச் சம்பந்தமும் போச்சு. எப்படின்னு கேக்கமாட்டீகளா? அந்த மாப்பிள்ளையும் பெறகு வரத்தான் செஞ்சாக. வாசல்ல நின்னு, ஹுஸ்னா வீடு இதானான்னு கேட்டாக. உள்ள அவ இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கா. நான்... வீடு மாறி வந்துட்டீகன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன்.

பொய்தான். சாயந்தரம் அஸர் தொழுகைல அழுது மன்னிப்புக் கேட்டுட்டேன்.

பொண்ணு வீட்டுக்காரி தேடி வந்து கேக்குற வழக்கமில்ல, தெரியும். ஒங்க மகனுக்கு என் மகள எடுத்துக்கிருவீகளா?

என்னக்கா, தலைய மட்டும் ஆட்டுறீக? வாயத் தொறந்து சொல்லுங்க. நானாப் புரிஞ்சுக்கிட்டதெல்லாம் போதும்.