எட்டாவது ஆளின் பத்து நிமிடம்

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். பயத்துக்காக இல்லை... சாரல் உள்ளே அடிக்கிறது.

இது பத்மஜாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பத்மஜா இதோ இருக்கிறாள். எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவளே நிறுத்துவாள்.

காலை ஐந்தே கால் மணி. மெடிக்கல் காலேஜ் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் மழைமரங்களுக்கு நடுவே ஓர் ஏற்றம். அந்த நேரத்துக்கு நாய்கூட எழுந்திருக்காது. அதில் தினமும் தனியாக நடந்து போவார் அந்தப் பெரியப்பா, ராமசுப்ரமணியன். ஏற்றத்தின் முடிவில் ரத்தம் உறைவதைப் பற்றிய ஆராய்ச்சிக்கூடம். முப்பது வருஷமாக அங்கே வேலை. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், சோதனைக் குழாய்களை நிறுத்தும் தண்ணீர்த் தொட்டி முப்பத்தேழு டிகிரிக்குச் சூடாக வேண்டும். உயிருள்ள உடம்பின் சூடு அது. அந்தச் சூட்டில்தான் ரத்தம் தன் வேலையைச் செய்து காட்டும்.

அவருக்கு ஒரு சின்னத் தொந்தரவு. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டைமர். அவருடைய சோதனைக்கு வைப்பது மூன்று நிமிடம். சாயங்காலம் கிளம்பும்போது திரையில் 3:00 என்றிருக்கும். கூடத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். காலையில் வந்து திறந்தால்... 10:00.

திங்கட்கிழமை அப்படி. செவ்வாய்க்கிழமையும் அப்படி. பேட்டரியை மாற்றினார். புதன்கிழமையும் பத்து.

"சாரே, பேய்தான் மாத்துது, கேட்டோ," என்றாள் கூட வேலை செய்கிற மலையாளத்துப் பெண் ஆதிரா.

"பேய்க்கு வேறே ஜோலி இல்லையா? வந்ததுதான் வந்தது, அந்த ஸ்டூல் காலையாவது சரி பண்ணிட்டுப் போகச் சொல்லு."

ஆதிரா சிரிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் தும்மல். ஒன்று, இரண்டு, மூன்று... "யாரு சாரே இங்கே மிளகாய் வறுத்தது?"

யாரும் வறுக்கவில்லை. ஆனால் வாசனை இருந்தது. வறுத்த மிளகாய் இல்லை. சாக்கில் அடைத்த வற்றல் மிளகாய். சணலும் காரமும் கலந்த வாசனை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நாச்சியார் வந்து வாசலில் நின்றாள். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பவள். அவளுடைய இளைய மகன் பேச்சிமுத்து மண்டியில் சுமை தூக்குகிறவன். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு ஆபரேஷன். ரத்தம் சரியாக உறைகிறதா என்று சோதித்து ராமசுப்ரமணியன் கையெழுத்துப் போட்டிருந்தார். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான எட்டாவது ஃபாக்டர், நூற்றுக்கு அறுபத்திரண்டு. ஐம்பதுக்கு மேலே என்றால் நல்ல எண்.

"இன்னொருக்கா பாருங்கய்யா."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு நாச்சியாரம்மா. நன்னாத்தான் வந்திருக்கு."

"மூத்தவனுக்கும் நன்னாருக்குன்னுதான சொன்னிய."

அவளிடம் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. முந்தானையிலிருந்து ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். இசக்கிப்பாண்டி, வயது இருபத்தாறு. எட்டாவது ஃபாக்டர் அறுபது. கீழே அவருடைய கையெழுத்து.

இசக்கிப்பாண்டி அவளுடைய மூத்த மகன், அவனும் மண்டியில் சுமை தூக்கியவன். மூன்று வருஷத்துக்கு முன் கடைவாய்ப் பல் பிடுங்கினான். சின்ன வயதிலிருந்தே காயம் பட்டால் அவனுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். ஆனால் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று பல்லைப் பிடுங்கினார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் ராத்திரி கசிய ஆரம்பித்தது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே பஞ்சு வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் விடியுமுன் நாக்குக்கு அடியில் வீங்கி, மூச்சு அடைத்து...

அவனை ராமசுப்ரமணியனுக்கு நன்றாக நினைவிருந்தது. யாராவது "அது எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும், அவருக்குக் காபி ஆறுவது தெரியாது. ரத்தம் கொடுக்க வந்த அன்று அவன் கேட்டான், இது எப்படி சார் உறையுது என்று. அவர் அவனுடைய தொழிலிலேயே சொன்னார். உங்க மண்டியில லாரியிலேர்ந்து குடோன் வரைக்கும் வரிசையா நின்னு மூட்டையைக் கை மாத்தி விடறேளே, அதே மாதிரிதான். ரத்தத்துல ஒருத்தன் அடுத்தவனுக்குக் குடுப்பான், அவன் அடுத்தவனுக்கு. கடைசி ஆள் கைக்குப் போனா ரத்தம் கட்டியாயிடும். நடுவில எட்டாவது ஆள் சோர்ந்துட்டா மூட்டை அங்கேயே நின்னுடும்.

"எட்டாவது ஆளு பலசாலியான்னு எப்படிப் பாப்பிய?"

"மத்தவாளை நிறுத்தி வெச்சு, அவன் கைக்கு ஒரு மூட்டையைக் குடுத்து, எத்தனை வினாடியில தள்றான்னு பார்ப்போம்."

அதற்கு அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். என்ன சொன்னான் என்று அந்த வியாழக்கிழமை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நாளைக்கு ஆபரேஷன் நடக்கட்டுமா அய்யா? நீங்க சொன்னா சரி," என்றாள் நாச்சியார்.

அவர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறுபத்திரண்டைக் காட்டி எந்தச் சர்ஜனிடம் போய் நிறுத்தச் சொல்வது? காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் டைமரில் மூன்று நிமிடம் வைத்தார். பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை... ஐந்தே கால். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பாதி ஏற்றத்திலேயே அந்த வாசனை வந்துவிட்டது. சணல்... வற்றல் மிளகாய்... வியர்வை. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. காரத்தினால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். விளக்கைப் போடவில்லை. இருட்டில் டைமரின் பச்சை எழுத்து மட்டும்.

9:41... 9:40... 9:39...

ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அப்போதுதான் அமுக்கியிருக்க வேண்டும்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டியில் தண்ணீர் மெல்லச் சலசலவென்று சுழலும் சத்தம். அவர் வந்துதான் தொட்டியைப் போடவேண்டும். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நிமிடம். ஏழு. ஆறு இருக்கும்போது யாரோ கனத்த மூச்சு விடுவது கேட்டது... சுமையை இறக்காமல் நிற்கிற ஆளின் மூச்சு. நான்கு. மூச்சு இரைத்தது. இரண்டு. அறுந்து அறுந்து வந்தது. ஒன்று...

டைமர் அடித்தது. மூச்சு நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தில்தான் இசக்கிப்பாண்டி சிரித்துக்கொண்டே சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

"மொத மூட்டையை எந்தப் பயலும் தூக்கிருவான் சார். பத்து நிமிசம் கழிச்சுப் பாருங்க, எவன் நிக்கான்னு."

விளக்கைப் போட்டார். தொட்டியில் ஒரே ஒரு சிறு குப்பி. வெளியே எடுத்தார். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் மூன்று வருஷமாக உறைந்து கிடந்த குப்பி. மிச்ச ரத்த நீரை ஆராய்ச்சிக்கு எடுத்து வைப்பது அங்கே வழக்கம். மேலே அவருடைய கையெழுத்திலேயே பெயர். இசக்கிப்பாண்டி.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. மாடியில் ஆராய்ச்சிப் பிரிவில் வேறொரு சோதனைக்கான மருந்துகள் இருந்தன. மெதுவான சோதனை, இரண்டு கட்டமாகச் செய்வது. முதல் கட்டத்தில் எட்டாவது ஆளை வேலைக்கு எழுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில்தான் அவனிடம் எவ்வளவு பலம் மிச்சம் என்று அளப்பது. எட்டாவது ஃபாக்டர் வேலைக்கு எழும்போது மூன்று துண்டுகள் ஒட்டி நிற்கும். சில குடும்பங்களில் அந்த ஒட்டு லேசாக இருக்கும். முதல் வினாடிகளில் கம்பீரமாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் கழன்று விழும். வேகமான சோதனை அதைப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

பேச்சிமுத்துவின் மிச்ச ரத்த நீரையும் எடுத்து, இரண்டு குப்பிகளையும் வைத்தார். அண்ணன், தம்பி. பத்து நிமிடம் காத்திருந்தார்.

பேச்சிமுத்துவுக்கு நூற்றுக்குப் பதினெட்டு. இசக்கிப்பாண்டிக்குப் பதினேழு.

ஒன்பது மணிக்கு ஆபரேஷனை நிறுத்தினார்கள். முதலில் ஃபாக்டர் மருந்து ஏற்றி, அப்புறம் அறுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பேச்சிமுத்து இன்றைக்கும் இருக்கிறான். சுமை தூக்குவதில்லை, அதே மண்டியில் தராசுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.

நாச்சியாரைக் கூடத்து வாசலுக்கு அழைத்து வந்து, சோதனையில் தெரிந்ததை அவர் சொன்னார்.

"மூத்தவனுக்கும் இதேதான் இருந்திருக்கு. நான் பார்க்கலை அம்மா. பார்க்கத் தெரியலை."

அவள் வாசல்படியிலேயே நின்று எதையோ முகர்ந்து பார்ப்பதுபோல் மூச்சை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். முகம் மாறிவிட்டது.

"எம்புள்ள வந்தானா இங்க?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"மூணு வருசமா ராத்திரி கதவைச் சாத்தாம கெடக்கேன்யா. ஒரு நா வீட்டுக்கு வரல." சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "தம்பிக்காவ இங்க வந்து நின்னிருக்கான்."

மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுப்பவில்லை. ஆதிரா கொண்டுவந்த டீ ஆறிப்போயிற்று. வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அவள் எழுந்து போனபோது முழுவதுமாகப் போய்விட்டது. அப்புறம் வரவேயில்லை.

டைமரின் பொத்தானில் சிவப்பாக ஒரு விரல் ரேகை இருந்தது, மிளகாய்த் தூளில் பதிந்த மாதிரி. ராமசுப்ரமணியன் அதைத் துடைக்கவில்லை. அதற்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டினார். இப்போதும் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

'ரத்தம் நிற்க நேரமாகும் என்று வீட்டார் சொன்னால், வேகமான சோதனையில் எண் நன்றாக வந்தாலும் நம்பாதே. இரண்டு கட்டச் சோதனையும் செய். நடுவில் பத்து நிமிடம் காத்திரு. பிறகு கையெழுத்துப் போடு.'