ஆர்லனோட ரத்தம்

இல்லம்மா, அந்தப் பாரத்த மறுபடியும் நீட்டாத. மூணு தடவ நெரப்பியாச்சு. நான் அவரு பொண்டாட்டிதான். இதோ கல்யாணப் பத்திரம், இதோ இறப்புச் சான்றிதழ். ஆர்லன் வெண்ட். பிப்ரவரி ஆறாந்தேதி அதோ அந்த ரூம்ல நாலு குழாய் ரத்தம் குடுத்தாரு. நரம்பு கெடைக்காம நர்ஸம்மா தடவிக்கிட்டே இருந்தப்ப, சோளக்காட்டுக் கையி, தோண்டித்தான் எடுக்கணும்னு சிரிச்சாரு. இருபத்தி மூணாந்தேதி தன் உயிரத் தானே மாய்ச்சுக்கிட்டாரு. அந்த ரத்தம் என்ன சொல்லுச்சுன்னு கேக்குறேன், அவ்வளவுதான்.

விதிமுறையா? பேர அழிச்சு வெறும் நம்பராக்கிட்டீங்க, சரி. அந்த நம்பர் எங்க? பூட்டி வச்சிருக்கா. ரொம்ப நல்லாருக்கு. அவரு அண்ணனும் இப்படிப் போனவருதான், சாகணுங்கற எண்ணம் இருக்கறவங்க ரத்தத்துல அடையாளம் தெரியுதான்னு தேடுறோம்னு சொல்லி நீங்கதானம்மா கூப்பிட்டீங்க? எங்க ஊரு கோகோமோவுலேருந்து பனியில ஊந்துக்கிட்டு வந்தோம். இருந்துச்சா இல்லியா, ஒரு வார்த்த. இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

புரியுதுன்னு மட்டும் சொல்லாத. ஒனக்கு என்ன, முப்பது வயசு இருக்குமா?

காப்பியும் வேணாம்.

என்னது, இன்னும் பரிசோதிக்கவே இல்லியா? ஐநூறு பேரு சேந்தப்புறம் மொத்தமாவா? மனுசன் மண்ணுக்குள்ள, ரத்தம் ஐஸுக்குள்ள. நல்ல ஆராய்ச்சிம்மா.

அப்ப அன்னைக்கு ஒங்க டாக்டரு எதப் பாத்து அவர வீட்டுக்கு அனுப்புனாரு?

ஓ. கேள்வித்தாளா. அத மட்டும் அன்னைக்கே படிச்சிடுவீங்களா. சந்தேகம் இருந்தா விடமாட்டீங்களா.

எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு இருக்கா. எனக்குத் தெரியும்மா.

கண்ணாடிய வண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டாரு. எடுத்தாரேன்னேன். பனியில எறங்காத, நீயே படிச்சு நீயே போடு, என்னப் பத்தி என்ன விட ஒனக்குத்தான் தெரியும்னாரு. தூக்கம் கெட்டிருக்கா, பசி கொறஞ்சிருக்கா, எல்லாத்தையும் படிச்சுக் கேட்டுத்தான் போட்டேன். சாகணும்னு தோணுதான்னு அந்தக் கடைசிக் கேள்விதான்... பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. பெரிய மனுசன்கிட்ட இதப் போயி எப்படிக் கேக்குறதுன்னு, அவருக்குப் படிச்சுக் காட்டாமலேயே இல்லன்னு நான் டிக் அடிச்சிட்டேன்.