கூடைக்காரி புருசன்

கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டதால் டோல்கேட் அருகே எங்கள் ஷேர் ஆட்டோ நகரவில்லை. என் கையில் கனமான புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்து ஸ்கூட்டர் அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. ஓட்டியவள் மனைவி. பின்சீட்டில் கணவன், மடியிலும் தோளிலும் அவள் பின்னிய ஒயர் கூடைகளோடு.

“ஹார்பர்ல அத்தினி பேரும் என்னை கூடைக்காரி புருசன்னு கூப்புட்றானுங்க. நாளைலேர்ந்து விக்கப் போவாத.”

“போவேன்.”

“அப்ப வண்டி சாவியைக் குடு.”

“வண்டி என் பேர்ல கீது.”

“கூடை மேல ஒரு துணியாவது போத்து.”

“மூடிகினு போனா எவன் வாங்குவான்? கூடைக்காரின்னா கூடைக்காரிதான். பேஜாரா இருந்தா நீ எறங்கு. உன் எடத்துல கூடைங்க ஒக்காரட்டும்.”

இறங்கினான். சீட்டில் குவித்த கூடைகள் சரிந்ததால், அவற்றை அணைத்துப் பிடித்தபடி நிற்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஆட்டோவிலிருந்த அம்மாள் தலையை நீட்டினார். “அந்த செவப்பு கூடை விக்கிறதாப்பா?”

தெரிந்த முகம் ஏதும் உண்டா என்று அவன் நாலாபுறமும் பார்த்தான். பிறகு முன்பக்கம் குனிந்தான்.

“கூடைக்காரி, செவப்பு கேக்குறாங்க.”

“எட்து குடு, கூடைக்காரி புருசா” என்றாள் அவள், திரும்பாமலே.