ரெண்டு சாட்சிக்கும் ஒரே ஒயர்

நான் கண்ணால பாக்கல அண்ணி, அத முதல்லயே சொல்லிடறேன். வண்டி மோதின அன்னிக்கு நான் லீவு. நம்ம பட்டறை பெயிண்டர் சொன்னதத்தான் சொல்றேன். அவர் ஒண்ண மூணா சொல்ற ஆளு, அதனால ரெண்ட கழிச்சுட்டே சொல்றேன். உக்காருங்க. லெட்டர் எங்கயும் ஓடிடாது, டைப் அடிச்சதே நான்தான். அண்ணன் பார்ட்ஸ் வாங்கப் போயிருக்கார், வர ஒரு மணி நேரம் ஆகும். அவர் இருந்தா எனக்கு இவ்ளோ வாய் வராது.

லெட்டர்ல என்ன இருக்குன்னு தெரியுமா? தெரியாமலேயே உங்க தம்பிகிட்ட கையெழுத்து வாங்கப் போறீங்களா? வண்டியில ஒரு கோளாறும் இல்ல, நான்தான் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டேன், அப்படின்னு இருக்கு. கீழ உங்க தம்பி கையெழுத்துப் போடணும். போட்டார்னா ஆம்புலன்ஸ் வேலை அன்னியோட முடிஞ்சுது. ஒன்பது வருஷமா ஆம்புலன்ஸ் ஓட்டற மனுஷனுக்கு பிரேக் எதுன்னு தெரியாதாம்! சொல்றது யாரு? போர்டுல இஞ்சின் டாக்டர்னு எழுதி வச்சுக்கிட்டு, படிக்கிறதுன்னா வாட்ஸ்அப் மட்டும் படிக்கிற ஆளு.

மன்னிச்சுக்கோங்க. உங்க வீட்டுக்காரர்தான். இல்லன்னு சொல்லல.

பெயிண்டர் சொன்னது இதுதான். அந்தச் சின்ன வண்டி ஞாபகம் இருக்கா, பெரிய வண்டியோட டர்போ இஞ்சின எடுத்து அண்ணன் மாத்தி வச்சாரே? அன்னிக்கு நாலு கஸ்டமர் வந்திருக்காங்க. டாக்டருக்கு கை துறுதுறுன்னு இருந்திருக்கு. மச்சான், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுன்னு சொல்லியிருக்கார். தம்பி மெதுவாத்தான் எடுத்திருக்கார். கேட்ல அந்த மேடு இருக்குல்ல, அதுல முன் சக்கரம் ஏறி இறங்கினதும் இஞ்சின் தானா கத்த ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவுதான். நேரா ரோட்டத் தாண்டி டயர் கடைச் சுவருக்குள்ள. டயர்க்காரர் பின்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருந்ததால தப்பிச்சார்.

இதுல மட்டும் நான் எதையும் கழிக்க மாட்டேன், ஏன்னா மூணு பேர் ஒரே மாதிரி சொன்னாங்க. தம்பி உள்ள கால் சிக்கிக் கத்திக்கிட்டு இருக்கார். அண்ணன் ஓடிப் போய் முதல்ல பானட்டத் தூக்கிப் பாத்தாராம். எதுக்கு? டர்போ தப்பிச்சுதான்னு!

பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு தம்பி ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே சொல்லியிருக்கார். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நீங்களும்தான் அண்ணி. உங்க பசங்க அவர ஆக்சிலேட்டர் மாமான்னு கூப்பிடுதுங்களாமே? நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

தம்பியே ஒத்துக்கிட்டாரா? ஆஸ்பத்திரில எட்டு பேர் கட்டில சுத்தி நின்னு, நீதான் மிதிச்சன்னு தினமும் சொன்னா நானும்தான் ஒத்துக்குவேன்.

இல்ல, போகாதீங்க. ரெண்டு நிமிஷம். எளிமையா சொல்லிடறேன்.

முன்னாடியெல்லாம் ஆக்சிலேட்டர்லேருந்து இஞ்சினுக்கு ஒரு கேபிள் போகும். மிதிச்சா இழுக்கும். இப்ப கேபிள் கிடையாது. பெடல் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும், கம்ப்யூட்டர் இஞ்சினுக்குள்ள காத்து விடற கதவத் திறக்கும். பெடல் பொய் சொல்லிட்டா ஆள் காலி. அதனால பெடலுக்குள்ள கம்பெனிக்காரன் ரெண்டு சென்சார் வச்சிருப்பான். ரெண்டு சாட்சி மாதிரி. ரெண்டும் தனித்தனி ஒயர்ல வந்து சொல்லும். பேச்சு ஒத்துப்போகலன்னா கம்ப்யூட்டர் ரெண்டையும் நம்பாது, இஞ்சின ஐட்லிங்லயே வச்சுடும். புரியுதா?

நம்ம டாக்டர் எங்கயோ கிடந்த வேற வண்டி பெடலக் கொண்டாந்து மாட்டிட்டார். அதோட கணக்கு வேற. ரெண்டும் ஒத்துப்போகல, வண்டி உறுமவே மாட்டேங்குது. ஒழுங்கா அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தா அரை நாள் வேலை. அந்த அரை நாள் அவருக்குப் பொறுக்கல. ரெண்டாவது சென்சார் ஒயர வெட்டிட்டு, முதல் ஒயர்லேருந்தே ஒரு மஞ்ச ஒயர் இழுத்துக் குத்திட்டார். இப்ப ரெண்டு சாட்சிக்கும் ஒரே வாய். எப்பவும் ஒத்துப்போகும். பொய்யா இருந்தாலும் ஒத்துப்போகும்! அத போட்டோ எடுத்துப் போட்டார். நூத்தி நாப்பது பேர் லைக் போட்டிருக்காங்க, எல்லாம் அவர மாதிரியே மேதைங்க.

அதுக்கப்புறமும் ஒரு காவல் மிச்சம் இருந்துச்சு. வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல ஏறினா, ஒயர் போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு கம்ப்யூட்டர் கதவ மூடிடும். அந்த அளவையும் அஞ்சு வோல்ட் வரைக்கும் ஏத்தி வச்சாச்சு. அஞ்சுக்கு மேல அந்த ஒயர்ல வரவே வராது. அப்ப காவலே இல்லன்னு அர்த்தம்.

மேட்டுல குலுங்கினதும் பெடலோட எர்த் ஒயர் கழண்டிருக்கு. நான் போய்ப் பாத்தேன், ஸ்க்ரூவ கையாலேயே முடுக்கி விட்டிருந்தாங்க. எர்த் போனதும் வோல்டேஜ் உச்சிக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டர் என்ன நெனைக்கும்? முழுசா மிதிக்கறாங்கன்னு நெனைக்கும். பிரேக்குக்கு பலமே இஞ்சின் காத்த உறிஞ்சறதுலதான் கிடைக்குது. கதவு முழுசாத் திறந்து டர்போ காத்தத் தள்ள ஆரம்பிச்சா உறிஞ்சல் எங்க இருக்கும்? கால முழுசா எடுக்காம ரெண்டு தடவை அழுத்தினாலே தீந்துடும். அப்புறம் கல்லுதான். தம்பி சொன்ன வார்த்தையேதான்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமாவா? ஒயர வெட்டத் தெரியும். அந்த வோல்டேஜ் அளவு லேப்டாப்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னே அவருக்குத் தெரியாது. காமிச்சது நான்.

ஆமா. நான்தான். ஏத்தாதீங்கண்ணேன்னு ஒரு தடவை சொன்னேன். என்னடா பட்டதாரி, பயமான்னார். எங்க வீட்ல முதல் டிகிரி என்னோடது, அம்மா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. பயம் இல்லன்னு காட்டறதுக்கு அவர் கையிலேருந்து மவுஸ வாங்கி நானே ஏத்தினேன். லீவு போட்டதும் அதுக்கு மறுநாள்தான். உடம்பு சரியில்லன்னு சொன்னது பொய்.

அழாதீங்க அண்ணி. இந்தாங்க, லெட்டரக் குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. பழைய இரும்போட கிடந்த வண்டியிலேருந்து அந்தக் கம்ப்யூட்டர கழட்டி, அது பதிஞ்சு வச்சிருந்தத ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல உக்காந்து படிச்சேன். நாலு தாள்தான், கீழ என் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பிரேக்குல கால் வச்சா ஆன் ஆகற சுவிட்ச் ஒண்ணுதான் நாங்க யாரும் கை வைக்காத ஒயர், அதனால அத மட்டும் மூணு தடவை சரி பாத்தேன். இஞ்சின் கத்த ஆரம்பிச்ச அரை செகண்ட்ல பிரேக் ஆன் ஆகுது. சுவர்ல மோதற வரைக்கும் ஆன். மோதினப்புறமும் நாலு செகண்ட், அந்தக் கால் ஒடிஞ்சப்புறமும், ஆன்.