இருபத்துமூன்றாம் எண் பொம்மையின் உயரம்

ஜூலை 9, செவ்வாய்.

பதிவேட்டில் ஒரு சிறு பிழை செய்திருக்கிறேன். 23ஆம் எண் மண்பொம்மையின் உயரத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று ஜூன் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். இன்று அளந்தால் பதினொன்று. சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எது பிழை, எது திருத்தம் என்று எனக்கே குழப்பமாக இருப்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் மாலைநேரத் தொல்லியல் வகுப்பில்தான் மும்பை செம்பூரில் இருக்கும் தங்கமயிலம்மா வீட்டு வேலையைச் சொன்னார்கள். அவர் கணவர் சேர்த்துவைத்த நாற்பது பழங்காலப் பொம்மைகளை ஒரு கல்லூரிக்குக் கொடுக்கும்முன் பட்டியலிட வேண்டும். சர்க்கரை நோயால் அம்மாவுக்குப் பார்வை போய் ஆறு வருடம். தனியாகத்தான் இருக்கிறார். மகன் காளிராஜ் தள்ளி ஐரோலியில் இருக்கிறார்.

23 ஒரு தாய்த்தெய்வம். ஈராயிரம் வருடத்துக்கு முன் யாரோ பெருவிரலால் அழுத்திய குழி அதன் முதுகில் உண்டு. அம்மா அதில் தன் பெருவிரலை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"இவளுக்கு இருக்க இடுப்பு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே கெடையாதுட்டி."

ஜூன் 12 அன்று அது என் கையிலிருந்து நழுவி மூன்று துண்டானது. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். உடைந்தால் அன்றே எழுத வேண்டும் என்பது வகுப்பின் முதல் பாடம். எழுதினால் அடுத்த வேலையை எனக்குத் தர மாட்டார்கள். துண்டுகளை ஒட்டி, அச்செடுத்து, தாராவி கும்பார்வாடாவில் ஒரு குயவரிடம் புதிதாக ஒன்று சுட்டு வாங்கினேன். மண் சுட்டால் சுருங்கும். அதை யோசிக்கவில்லை.

அம்மா கையில் வாங்கியதுமே சொன்னார்.

"ஏட்டி கலை, இது அவ இல்ல. குழியில வெரல் எறங்கலியே."

"அவதாம்மா. உங்க விரல்தான் வீங்கியிருக்கு."

வேறு விரலை வைத்துப் பார்த்தார். "அப்பிடியா," என்றார்.

ஆனால் மகனிடம் போனில் சொல்லிவிட்டார். காளிராஜ் என்னைக் கேட்டார். "கொஞ்ச நாளா அம்மாவுக்கு மறதிண்ணே," என்றேன். ஒரு பொம்மையை வைத்து யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஆகவே மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து அடுக்களைக்கு மாற்றினேன். பிறகு செருப்பை, பிறகு வீட்டுச் சாவியை. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கறை இல்லாதவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

ஞாயிறன்று காளிராஜ் வந்தார். "இனிமே தனியா விட முடியாதும்மா. கேஸத் தெறந்து போட்டுட்டா பில்டிங்கே போயிரும்." முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மறதிநோய் என்று டாக்டரின் சான்று மட்டும் வேண்டும்.

இன்று அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பொம்ம விசயத்துல உன்னயச் சந்தேகப்பட்டுட்டேன்ட்டி. மனசுல வச்சுக்காத. நான் தப்பாச் சொன்னா நீயாவது திருத்திரு, என்ன?"

சரியென்றேன். எனக்கு அழுகை வந்தது. அது பொய்யழுகை இல்லை.

நாளை காலை பத்தரைக்குச் சயானில் டாக்டர். அம்மா மறந்தவற்றைத் தேதிவாரியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் காளிராஜ். ஒன்பது சேர்ந்திருக்கின்றன. கிளம்பும்முன் நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் பிரதி எடுக்க வேண்டும்.