ஒரு பேட்டரி, இரண்டு பிளக்

வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சார். ஊரில் பாதிப் பேர் அது கறுத்து நாறும்வரை விட்டுவிட்டு, மீன் செத்ததும் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் அந்த ரகமில்லை. குடிநீர் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷமாக ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கிறவன். வீட்டில் கடல் தொட்டி வைப்பதற்கு முன்னால் எட்டு மாதம் வடிகட்டிகளைப் பற்றி மட்டுமே படித்தேன். கடைக்காரர் தொட்டி விளிம்பில் தொங்கவிடுகிற டப்பா வடிகட்டி ஒன்றை நீட்டினார். அதை நம்பித் தங்கமீனையே விட முடியாது, பவளத்தை எப்படி விடுவது? நான் கேட்டது ஸ்கிம்மர். பொடிக் குமிழ்களை விட்டு, தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக மேலே தள்ளி ஒரு கிண்ணத்தில் சேர்க்கிற கருவி. அதோடு பதினைந்து கிலோ உயிர்க்கல். பார்வைக்கு வெறும் கல்தான். அதன் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தொட்டியின் பெரிய வடிகட்டி. தண்ணீர் ஓட்டம் நின்றால் அவற்றுக்கு மூச்சு முட்டும்.

இதை என் மாமனாருக்கு நூறு தடவை சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நுரையீரல் கெட்டு, இரண்டு வருஷமாக எங்கள் முன்னறையில் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினுமாகக் கிடந்தார். மூக்கில் குழாய். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "ஏன் மாப்ளே, மீன் மூத்திரத்தை வடிகட்ட இவ்ளோ பெரிய மெஷினா?" என்பார். வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், பிறகு நான்தான் முதுகைத் தடவிவிட வேண்டும். தடவினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய மெஷினுக்கும் பின்பக்கம் ஒரு வடிகட்டி உண்டு. உள்ளங்கை அளவு பஞ்சு. அதை வாராவாரம் கழுவியதும் நான்தான். அவர் ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. தன் மூச்சு எந்த வழியாக வருகிறது என்றுகூடத் தெரியாத மனிதர், என் தொட்டியைப் பற்றிக் கருத்துச் சொன்னார்.

போன மாதம் நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். உயிர்க்கல் எல்லாம் பக்கெட்டில் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வெளேரென்று. மூக்குக் குழாயை இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு கல்லாகத் தேய்த்திருக்கிறார்.

"ஒரே பாசி மாப்ளே. உங்களுக்குத்தான் நேரமே இல்லையே. அதான் நானே சுத்தமா கழுவி வெச்சுட்டேன்."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாலு வருஷமாக வளர்ந்த நுண்ணுயிர்கள். இரண்டே நாளில் கோமாளி மீன் ஜோடியும் பாதிப் பவளமும் போய்விட்டன. "அப்பா பாவங்க, உதவி பண்ணத்தானே நெனச்சாரு" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். நான் கோபப்படவில்லை சார். முட்டாளிடம் கோபப்படுவது வீண்வேலை.

புதுக் கல் வாங்கிப் போட்டேன். புதுக் கல் கைக்குழந்தை மாதிரி, கண் அகலாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. புதுக் கல்லுக்காக நான் லீவு போட்டிருந்தேன். மனைவி டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் ஒரே பேட்டரி. மாமாவுக்காக அவள் வாங்கியது. தொட்டியின் பிளக்கையும் நான் அதில்தான் செருகியிருந்தேன். இரண்டும் ஓடினால் நாற்பது நிமிடம் என்று திரை காட்டியது. தொட்டி மட்டும் என்றால் ஐந்து மணி நேரம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மாமாவின் பிளக்கைப் பிடுங்கினேன். சாப்பிடும்போது கொஞ்ச நேரம் குழாயைக் கழற்றலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அவர் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். எங்களைக் கூப்பிட அவர் வைத்திருந்த மணி அது.

"மாப்ளே... காத்து வரலை."

"கரண்ட் இல்ல மாமா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"பேட்டரி..."

"ஓடுது மாமா" என்றேன். அது பொய்யில்லை.

கட்டிலுக்கு அடியில் அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் இருந்தது. திறக்க எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கிம்மர் கிண்ணம் நிரம்பியிருந்தது. அப்படியே விட்டால் அழுக்கெல்லாம் திரும்பத் தொட்டியிலேயே வழியும். எடுத்துப் போய்க் கழுவினேன். டம்ளர் சத்தம் முதலில் வேகமாக வந்தது, பிறகு ஒன்றிரண்டாக. கிண்ணத்தைத் துடைத்து மாட்டியபோது நின்றிருந்தது. இருபத்தாறாவது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அவருடைய பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

மறதியா, பதற்றமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. தெரிந்துதான் செய்தேன். உங்கள் தாளில் அதற்கு என்ன பேரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆறாதது வேறு. உங்கள் ஏட்டு இப்போதுதான் சொன்னார். இன்று காலை என் மனைவி தொட்டியின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவாம். அவள் அசையவே இல்லையாம். படித்தவள், நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். ஓர் உயிர் மூச்சுக்குத் தவிக்கும்போது, பக்கத்திலேயே இருந்துகொண்டு சும்மா விட, ஒரு மனுஷிக்கு எப்படி சார் மனசு வருகிறது?