மாங் ஆர்செனியோ முடிக்காத மெட்டு

ஹலோ... ஹலோ, மரிவிக்தானே?... ரொசாரியோல இருக்கிற மரிவிக்?... ஆங், சரி. நான் ஃபெலிசா பேசறேன். லிப்பாவிலேர்ந்து. எல்லாரும் மரியாதையா மாங் ஆர்செனியோன்னு சொல்வாங்களே, அவரோட பொண்டாட்டி... ஆமா, ஆமா. பாட்டு எழுதின ஆர்செனியோதான். வேற எந்த ஆர்செனியோ பேருல இந்த ஊர்ல பாட்டுப் போட்டி வைக்கறாங்க?

எதுக்கு இப்படிப் பயப்படற? நான் என்ன போலீஸா?... பரவால்ல, மேடமெல்லாம் வேணாம். ஊரே அக்கான்னு சொல்ற மாதிரி அலிங் ஃபெலிசான்னுதான் கூப்பிடுது, நீயும் அப்படியே கூப்பிடு... என்ன சத்தம் அங்க?... துணி துவைக்கறியா? சாயங்காலம் மேடைல ஏறிப் பாடப்போறவ, இப்ப உக்காந்து துணி துவைக்கறியா?... ஓ, ஊரார் துணியா. சரி, சரி. பொழப்ப விட முடியுமா. கையத் தொடச்சிட்டு வந்து உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

இரு, ஒரு நிமிஷம்... நெனிதா, அந்த ஜன்னல சாத்து, ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது... ஆங், சொல்லு. கேட்டுச்சா உனக்கு? திடல்ல மைக் டெஸ்ட் பண்றாங்க. காலையிலேர்ந்து அவரு பாட்டுதான். கல்யாணத்துக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு, வீடியோகே கடைல குடிச்சிட்டு மைக்கப் புடிச்சுக் கத்தறதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஊருக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு மனுஷன். இன்னிக்கு அவரு படத்துக்கு மேயர் மாலை போடுவாரு. அப்புறம் புதுசா பாட்டு கட்டற பிள்ளைங்களுக்குப் பரிசு... ஆமா, உன்ன மாதிரிப் பிள்ளைங்களுக்கு. அதப்பத்தித்தான் பேசணும்.

உன் பாட்ட நேத்துதான் கேட்டேன்... இல்ல, முதல் சுத்துல நான் உக்காரல. அதெல்லாம் கமிட்டிக்காரங்க வேலை. யாரு பாட்டுன்னு தெரியாம, வெறும் நம்பர வச்சுக் கேப்பாங்க. உன்னோடது எல்லாருக்கும் ஒரே மாதிரி புடிச்சுப்போச்சாம். அலிங் ஃபெலிசாவும் ஒரு தடவ கேக்கட்டும்னு மரியாதைக்கு வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. கேட்டேன்.

நல்லா இருக்கா இல்லையான்னு அப்புறம் சொல்றேன். முதல்ல நீ இத சொல்லு. அந்த மெட்டு உனக்கு எங்கேர்ந்து வந்துது?

ம்... ம்... தானா வந்துச்சுன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. தானா வர்றதுக்கு அது என்ன ஜலதோஷமா? எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டேன்... அம்மாடி, நான் பாட்டுக்காரனோட முப்பது முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ. என்கிட்டயே கதை விடாத.

சரி, நேராவே சொல்லிடறேன். அது அவரோட மெட்டு.

ஹலோ?... மரிவிக்?... லைன்ல இருக்கியா?

ஆமா, அதத்தான் சொன்னேன். என் புருஷனோட மெட்டு. ஆரம்பத்துல மெல்ல ஏறி, அப்புறம் கால் தடுக்கின மாதிரி ஒரு எடத்துல நின்னு, மறுபடி ஏறுதே, அதேதான். ஒரு இழை பிசகல... அழாத. நான் இன்னும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொன்னேன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். மெட்டு சொந்தமா இருக்கணும், அதான் போட்டியோட விதி. கமிட்டிக்கு ஒரு போன் போட்டேன்னா சாயங்காலம் உன் பேரக் கூப்பிட மாட்டாங்க. செத்தவரோட மெட்டத் திருடி அவரு பேருல வச்ச போட்டிக்கே அனுப்பினவன்னு ஊர் பேசும். அதுக்கப்புறம் நீ எங்க போய்ப் பாடுவே? அதனாலதான் முதல்ல உன்னக் கூப்பிட்டேன். யாரு குடுத்தா உனக்கு?

இல்ல... ரிக்கார்டு எதுவும் கெடயாது. அதுதான் எனக்குப் புரியல. எந்த டேப்பும் இல்ல, எந்தத் தாளும் இல்ல. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தப்புறம் அவரு கட்டின மெட்டு அது. வாய் போயிடுச்சு, கை போயிடுச்சு. மூக்கால முனகல் மட்டும்தான் வரும். மத்தியானம் வெந்நீர்ல துணி நனைச்சு அவர நான் தொடைப்பேன். அப்பதான் முனகுவாரு. எனக்கு மட்டும்தான் கேக்கும். மத்தவங்க ரூமுக்குள்ள வந்தா டப்புன்னு நிறுத்திடுவாரு... நர்ஸா? நர்ஸுக்கு நாங்க எங்க போறது? எல்லாம் நான்தான். நெனிதா என் தங்கச்சி, அவகூட சாவுக்கப்புறம்தான் எனக்குத் துணைக்கு வந்தா.

புரியுதா உனக்கு? மத்த பாட்டெல்லாம் ஊருக்கு. இது ஒண்ணுதான் எனக்குன்னு வச்சிருந்தேன். நான் வாயத் தெறந்து ஒரு நாள் பாடினதில்ல. பாடினா தேஞ்சு போயிடும்னு பயம். நேத்து கமிட்டிக்காரங்க அனுப்பின பாட்டு மெஷின அமுக்கினா, உள்ளேர்ந்து யாரோ ஒரு பொண்ணு அதப் பாடறா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு.

ம்... எப்பலேர்ந்து?... போன வருஷம் மழையிலயா? மழைன்னா எப்ப, ஆகஸ்டா?... சரி. ஆகஸ்ட்லதான் அவரு போனாரு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பக்கம் வந்திருக்கியா?... அதுக்கப்புறம்?

எங்க வீட்டுக்கா? சாவுக்கா வந்தே?

யாரு கூட?... தனியாவா?... ம், அவரு பாட்டுன்னா உசுரு. சரி. அந்தக் கூட்டத்துல யாரு வந்தா யாரு போனான்னு எனக்கென்ன தெரியும். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் கிதார், முன்னாடி பெட்டி. எங்க உக்காந்திருந்தே?... ஆமா, கடைசில பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாங்க. ஆமா, கூரை அங்க ஒழுகிச்சு... பெட்டிகிட்ட வந்தியா?... வந்து?

கண்ணாடி மேல கை வச்சியா. என்னமோ சொன்னியா?... அவருகிட்டயா?... 'எனக்கும் பாட்டுக் கட்ட ஆசை'ன்னு. பொணத்துகிட்ட.

நான் சிரிக்கல. சிரிக்கலடி. சொல்லு, அப்புறம்?... குழந்தைக்கு ஜுரம்னு போன் வந்துச்சு, கெளம்பிட்டே. சரி. கெளம்பி எங்க போன?... வீட்டுக்குத்தான் போவே, அது தெரியும். வழியில எங்க நின்ன?

எங்கயுமே நிக்கலயா?

ஒரு காபிக் கடை? பேக்கரி? பெட்ரோல் பங்க்ல ஒரு நிமிஷம்?... பக்கத்து வீட்டுத் திண்பண்டக் கடையிலயாவது?... வாடகை டிரைசைக்கிள்ல ஏறி நேரா வாசல்லயா போய் எறங்கின?

அட கடவுளே. சாவு வீட்டிலேர்ந்து யாராவது நேரா வீட்டுக்குப் போவாங்களா? எங்கயாவது நின்னு, எதையாவது வாங்கிக் கடிச்சிட்டு, பின்னாடியே வர்ற செத்தவங்கள அங்க தொலைச்சிட்டுத்தானே போகணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. உங்க அம்மா சொல்லித் தரல?... தெரியும், குழந்தைக்கு ஜுரம், அந்த நேரத்துல யாருக்குத்தான் தோணும். தெரியுது. நான் திட்டல.

இரு. கொஞ்சம் இரு.

...

மரிவிக், பொய் சொல்லாமச் சொல்லு. உன் வீட்டுல ஏதாவது வாசனை வருதா?... பயப்படாத, சொல்லு... எந்த நேரத்துல?... துவைக்க உக்காரும்போது. மத்தியானம். என்ன வாசனை?... பூவா?... தைலம். எந்த மாதிரித் தைலம்?... பச்சையா, மூக்குல ஏறுற மாதிரி... கூடவே?... கூடவே கருகின காபி. அப்பத்தான் அந்த முனகலும் காதுல விழுந்துச்சா.

அவருதான்.

அவரேதான். தைலத்தப் போட்டு முதுகத் தேச்சுவிட்டதே நான்தானே. காபிய அடுப்புல வச்சிட்டு மெட்டு யோசிச்சுக் கருக்கிடுவாரு, எத்தன பாத்திரம் தேச்சிருப்பேன். அத வெளிய யாருக்கும் சொன்னதில்ல... குழந்தையுமா? என்ன பண்ணுது?... யாரும் இல்லாத மூலையப் பாத்துச் சிரிக்குது. ம். அவருக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் புடிக்கும். எங்களுக்குப் பொறக்கல.

நெனிதா, ஒண்ணும் இல்ல, நீ போ. நான் நல்லாத்தான் இருக்கேன். அழறேனா? ஆமா அழறேன், போ.

கேளுடி. ஒரு வருஷமா நான் இங்க தெனம் அவருக்குக் காபி போட்டு வைக்கறேன். அவரு பக்கத்துத் தலையணைய மாத்தல. கொசு தின்னாலும் ஜன்னலத் தெறந்து போட்டுத்தான் படுக்கறேன். இந்த நெனிதாவோட புருஷன், உயிரோட இருந்தவரைக்கும் அவளப் போட்டு அடிச்சவன், அவனே நாப்பதாம் நாள் பட்டாம்பூச்சியா வந்து அவ தோள்ல உக்காந்தான். எனக்கு ஒரு பூச்சி வரல. ஒரு கனவுல வரல. என் மேல என்ன கோவமோ, என்ன கொறை வச்சேனோன்னு கோயில் கோயிலா மெழுகுவத்தி கொளுத்திட்டு இருந்தேன். அவரு என்னடான்னா ரொசாரியோல, ஒரு துணி துவைக்கறவ வீட்டுல, குழந்தைக்கு வேடிக்கை காட்டிட்டு உக்காந்திருக்காரு.

வயிறு எரியுதுடி எனக்கு. மறைச்சுப் பேச முடியல. உன் மேல கோவம் இல்ல. ஆனா எரியுது.

ம்... மன்னிப்பு எதுக்குக் கேக்கறே? நீயா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போன? ஏறிக்கிட்டாரு, டிரைசைக்கிள்ல. ஓசிச் சவாரின்னா என்னைக்கும் விடமாட்டாரு.

...

இன்னொண்ணு கேக்கறேன். அந்தக் கடைசித் துண்டு. மேல ஏறி நின்னதுக்கப்புறம், கீழ எறங்கி வந்து முடியுது பாரு, உன் பாட்டுல. அது எனக்குத் தெரியாது. அத நான் கேட்டதே இல்ல. அவரு எப்பவும் அந்த மேல் எடத்துல நிறுத்திடுவாரு. நிறுத்திட்டு என்னப் பாப்பாரு. அந்த ஒரு கண்ணால. நான் என்ன வேணும், தண்ணியா, வலிக்குதான்னு கேப்பேன். வாயத் தொடச்சு விடுவேன். அவரு பாத்துட்டே இருப்பாரு. அந்தக் கடைசித் துண்ட உனக்கு அவரு சொன்னாரா?

...

உன்கிட்டயும் அங்கதான் நிறுத்தினாரா?

அப்ப அந்த முடிவு?... நீயே போட்டதா?... எத்தன நாள் ஆச்சு?... மாசக்கணக்காவா. போட்டதும்?... முனகல் நின்னுடுச்சு. வாசனை மட்டும் இருக்கு. சரி. சரி, புரியுது.

எனக்கு இப்பதான்டி புரியுது. என்கிட்ட தண்ணி கேக்கல அவரு. மிச்சத்தக் கேட்டிருக்காரு. எனக்குப் பாட வராது, ஒரு வரி ஒழுங்கா வராது. மாதாகோயில்லகூட வாய மட்டும்தான் அசைப்பேன். அது தெரிஞ்சும் என்னத்தான் கேட்டாரு பாவம், வேற யாரு இருந்தா. கெடைக்கலன்னதும், 'பாட்டுக் கட்ட ஆசை'ன்னு எவளோ வந்து சொன்னா. அவ பின்னாடி கெளம்பிட்டாரு.

பாடு... இப்பத்தான். போன்லயே. அந்தக் கடைசித் துண்ட மட்டும் பாடு... தொண்ட எப்படி இருந்தா என்ன, இங்க யாரும் மார்க் போடல.

...

...

ம்.

இன்னொரு தடவ.

...

ம். அப்படித்தான். அப்படித்தான் எறங்கணும். அவரா இருந்தா இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பாரு, கூட்டம் அழணும்னு. நீ இழுக்கல. நல்லது. அந்த வார்த்தையும் நீதானே எழுதினது? கப்பல்ல போன புருஷனோட சட்டைய மட்டும் துவைக்காம மடிச்சு வச்சிருக்கான்னு... நெனச்சேன். அதெல்லாம் அவருக்கு வராது. அவருக்கு நிலாவும் அலையும்தான்... எப்ப வர்றான் உன் வீட்டுக்காரன்?... ம். வருவான். வந்தா துவைச்சுக்கலாம்.

இல்ல, கமிட்டிக்குச் சொல்லமாட்டேன்... நெசமாத்தான். என்னன்னு சொல்றது, செத்தவரு டிரைசைக்கிள்ல போய்ச் சொல்லிக் குடுத்தாருன்னா? அது உன் பாட்டு. பாதிய அவரு ஆரம்பிச்சாரு, முடிச்சது நீ. முடிக்கறவங்களுக்குத்தான் பாட்டு. உன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நீ நிமிந்து போய்ப் பாடு. பரிசு கெடைக்குதா இல்லையாங்கறது என் கையில இல்ல. நான் முன்வரிசைலதான் உக்காந்திருப்பேன், கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு. நான் அழுதா பாக்காத, உன் பாட்டு கெட்டுடும்.

ஆனா எனக்கு நீ ஒண்ணு செய்யணும்... மாட்டேன்னு சொல்லாத.

பாடி முடிச்சு மேடைய விட்டு எறங்கினதும் குழந்தையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. நேரா வா. யாராவது காபி சாப்பிடக் கூப்பிடுவாங்க, போகாத. பத்திரிகைக்காரன் நிறுத்துவான், நிக்காத. எதிர்த்தாப்ல பேக்கரில பன் சுடச்சுட இருக்கும், குழந்தை அழும். அழட்டும், நான் இங்க எல்லாம் வாங்கி வச்சிருக்கேன். வழியில ஒரு எடத்துலயும் காலு ஊனாத.

...

தெரியும்டி. நின்னு வந்தா அவரு உன் கூட வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொல்றேன். எங்கயும் நிக்காத.

வச்சிடறேன்.